செவிக்கு எட்டாத வேறுபாடு: குழந்தைப் பேச்சொலி ஆய்வின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பேசத் தொடங்கும் குழந்தை ஒலிகளைத் திரித்தும் விடுத்தும் பேசுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நாட்குறிப்பாளர் இத்திரிபுகளை உறுப்பின் இயலாமையாகக் கண்டனர். ரோமன் யாக்கப்சன் அவற்றை ஒலியனமைப்பின் படிநிலைகளாகக் கண்டார். 1970களின் ஆய்வாளர் விதிகளாகக் கண்டனர். இம்மூன்று விளக்கங்களும் பெரியவரின் செவி கேட்டு எழுதிய குறிப்பையே சான்றாகக் கொண்டவை. பின்னர் வந்த கருவிவழி அளவீடுகள் அச்சான்றின் நம்பகத்தன்மையை எவ்வாறு அசைத்தன என்பதையும், தமிழ்க் குழந்தைகளின் பேச்சை மதிப்பிடுவதில் அதனால் எழும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: குழந்தை மொழி, ஒலியனியல் செயல்முறைகள், நாட்குறிப்பு ஆய்வு, யாக்கப்சன், மறைநிலை வேறுபாடு, ழகரம்.

முன்னுரை

ஜீன் பெர்கோ, ரோஜர் பிரவுன் ஆகிய இருவரும் 1960ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் ஒரு சிறு நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது. குழந்தையொன்று காற்று நிரப்பிய தன் பிளாஸ்டிக் மீனை 'ஃபிஸ்' என்று அழைத்தது. ஆங்கிலத்தில் மீனுக்குரிய சொல் 'ஃபிஷ்'. உடனிருந்த பெரியவர் குழந்தையைப் போலவே ஒலித்து, இது உன் 'ஃபிஸ்'தானே என்று கேட்டார். குழந்தை மறுத்து, தன்னுடையது 'ஃபிஸ்' என்றது. அவர் 'ஃபிஷ்' என்று மாற்றிக் கேட்ட பின்னரே, ஆம், என் 'ஃபிஸ்' என்று ஏற்றுக்கொண்டது.

குழந்தையின் கேட்டறிதல் முன்னே செல்கிறது, உச்சரிப்பு பின்தொடர்கிறது என்பதற்கு எடுத்துக்காட்டாக இந்நிகழ்ச்சி உளமொழியியல் பாடநூல்களில் திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. அவ்விளக்கம் பொருத்தமானதே. எனினும் இந்நிகழ்ச்சியில் இன்னொருவரின் பங்கும் உண்டு. குழந்தை கூறியது 'ஃபிஸ்' என்பதற்கு அப்பெரியவரின் செவியன்றி வேறு சான்று இல்லை. குழந்தையின் இறுதி ஒலி பெரியவரின் ஸகரத்தோடு முற்றிலும் ஒத்ததா, அல்லது ஸகரத்திற்கும் ஷகரத்திற்கும் இடைப்பட்டு, குழந்தைக்கு மட்டும் வேறாகப்பட்ட ஒன்றா என்ற வினா அப்போது எழவில்லை. அவ்வினா உரிய இடத்தைப் பெறுவதற்கு இத்துறை மேலும் இருபதாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நாட்குறிப்புகளின் காலம்

குழந்தைப் பேச்சு பற்றிய முறையான பதிவுகள் தந்தையரின் குறிப்பேடுகளில் தொடங்கின. பிரெஞ்சு அறிஞர் இப்பொலித் தேன் தம் மகளின் மொழிப்பேறு குறித்து எழுதிய கட்டுரையின் ஆங்கில வடிவம் 1877இல் 'மைண்ட்' இதழில் வெளிவந்தது. அதைப் படித்த சார்ல்ஸ் டார்வின், 1839இல் பிறந்த தம் முதல் மகனைப் பற்றி முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த குறிப்புகளைத் தேடியெடுத்து, அதே ஆண்டில் அதே இதழில் வெளியிட்டார். சரியாக ஒரு வயது நிறைந்தபோது அக்குழந்தை உணவைக் குறிக்க 'மம்' என்ற சொல்லைத் தானே ஆக்கிக்கொண்டது என்று டார்வின் எழுதுகிறார். சோற்றை 'மம்மம்' என்று ஊட்டும் தமிழ் வீடுகளுக்கு இச்சொல் புதிதன்று. குழந்தை தானே ஆக்கிய சொல் என்ற டார்வினின் கூற்றை இதனால் சற்றுத் தயக்கத்துடனேயே ஏற்க வேண்டியுள்ளது. குழந்தை ஒலித்ததைப் பெரியவர் பொருளாக்குகின்றனரா, பெரியவர் தந்ததைக் குழந்தை ஒலிக்கிறதா என்பது எளிதில் பிரித்தறியத்தக்கதன்று.

செருமனியில் இம்முயற்சி மேலும் ஒழுங்குபட்டது. உடலியல் அறிஞர் வில்லியம் பிரையர் தம் மகனை நாள்தோறும் குறைந்தது மூன்று முறை உற்றுநோக்கி எழுதிய 'குழந்தையின் உள்ளம்' என்ற நூல் 1882இல் வெளிவந்தது. அதற்கு ஈராண்டு முன்னர் ஃபிரிட்ஸ் ஷுல்ட்ஸ என்பவர், குறைந்த உடல்முயற்சி வேண்டும் ஒலிகள் முதலிலும் மிகுந்த முயற்சி வேண்டுவன பின்னரும் வரும் என்றொரு விதியை முன்வைத்திருந்தார். இதழ்கள் பொருந்தப் பிறக்கும் பகர மகரங்கள் முந்துவதும், நாவின் பின்பகுதி எழுந்து கடையண்ணத்தைத் தொடும் ககரம் பிந்துவதும் இவ்விதியால் விளக்கப்பட்டன.

தொல்காப்பியப் பிறப்பியலைப் பயின்ற தமிழ் ஆய்வாளர்க்கு இவ்வகை விளக்கம் பழகியதாகவே தோன்றும். உந்தியில் எழுந்த காற்று எவ்வெவ்விடங்களில் எவ்வெவ்வுறுப்புகளால் எவ்வெழுத்தாகிறது என்பதைப் பிறப்பியல் வகுத்துரைக்கிறது. ஆனால் அது முதிர்ந்த மொழியின் எழுத்துகளுக்குப் பிறப்பிடம் கூறுவதேயன்றி, குழந்தையிடம் அவை தோன்றும் முறைமையைக் கூறுவதன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதே ஷுல்ட்ஸ விதியின் குறை எனலாம். பேசத் தொடங்குமுன் பிதற்றும் பருவத்திலேயே குழந்தைகள் கடையண்ண ஒலிகளை ஒலிக்கின்றன. உறுப்பு இயலாமையே காரணமெனில், ஆறாம் மாதத்தில் இயன்றது பதினெட்டாம் மாதத்தில் இயலாமற்போவது எங்ஙனம்?

இக்காலப் பதிவுகளுள் மிகவும் விரிவானது கிளாரா ஸ்டெர்ன், வில்லியம் ஸ்டெர்ன் இணையர் தம் மூன்று குழந்தைகளைப் பற்றி எழுதியது. அதன் அடிப்படையில் அமைந்த 'குழந்தை மொழி' என்ற நூல் 1907இல் இருவர் பெயரிலும் வெளியானது. நாட்குறிப்பின் பெரும்பகுதியைக் கைப்பட எழுதியவர் கிளாரா. துறையின் வரலாற்றை எழுதுவோர் 'ஸ்டெர்ன்' என்று மட்டும் குறிப்பிடும்போது கணவரின் பெயரே நினைவுக்கு வருகிறது. சான்று எவர் செவி வழியாக வந்தது என்பதே கேள்வியாகும் ஓர் ஆய்வில் இதனைச் சிறு விடுபாடாகக் கொள்ள இயலாது.

யாக்கப்சனின் படிநிலை

1939இல் செக்கோசுலோவாக்கியாவை நாசிப்படை கைப்பற்றியபோது அங்குப் பணியாற்றிய ரோமன் யாக்கப்சன் டென்மார்க், நார்வே, சுவீடன் என்று புலம்பெயர்ந்தார். 1941இல் அமெரிக்கா சேர்ந்தார். அவ்வலைச்சலின் இடையே செருமன் மொழியில் எழுதி, உப்சாலாவில் 1941ஆம் ஆண்டிட்டு வெளிவந்த அவரது நூல் குழந்தை மொழி, பேச்சிழப்பு, பொது ஒலி விதிகள் ஆகிய மூன்றையும் ஒரே கோட்பாட்டில் இணைத்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1968இல்தான் வந்தது. ஆகவே ஆங்கில வழி ஆய்வுலகில் இந்நூலின் முழுத்தாக்கமும் கால் நூற்றாண்டு தாழ்ந்தே நிகழ்ந்தது.

யாக்கப்சனின் கருத்துப்படி பிதற்றல் வேறு, பேச்சு வேறு. பிதற்றும் குழந்தை எல்லா ஒலிகளையும் ஒலிக்கலாம். ஆனால் பேச்சில் ஓரொலி இடம்பெற வேண்டுமாயின் அது பிற ஒலிகளினின்று பொருள் வேறுபடுத்தும் ஒலியனாக வேண்டும். குழந்தை அடைவது தனித்தனி ஒலிகளை அன்று, முரண்களை. முதலில் அகன்ற உயிரும் இதழ் மூடும் மெய்யும் எதிரெதிர் நிற்கின்றன. அடுத்து வாயொலிக்கும் மூக்கொலிக்கும் இடையிலான முரண் தோன்றுகிறது. அதன்பின் இதழொலிக்கும் பல்லொலிக்கும் இடையிலான முரண் தோன்றுகிறது. அப்பா, அம்மா, தாத்தா என்ற மூன்று சொற்களைத் தமிழ்க் குழந்தை கற்கும்போது இம்மூன்று படிகளும் அப்படியே நிறைவேறுவதைக் காணலாம். உரசொலி உள்ள மொழியில் தடையொலி இருந்தே தீரும், பின்னண்ண மெய் உள்ள மொழியில் முன்மெய் இருந்தே தீரும். உலக மொழிகளில் காணப்படும் இவ்வுறவே குழந்தையிடம் கால வரிசையாகவும், பேச்சிழந்தவரிடம் தலைகீழ் வரிசையாகவும் வெளிப்படுகிறது என்றார் யாக்கப்சன்.

இக்கோட்பாட்டின் பேரழகு மறுக்கவியலாதது. குழந்தையின் பேச்சைக் குறையுடைய பெரியவர் பேச்சாகக் கருதாமல், தனக்கென ஓர் அமைப்புடைய மொழியாகக் கருத வைத்தது இதுவே. 1959இல் எழுதி அடுத்த ஆண்டு வெளியிட்ட 'மாமாவும் பாப்பாவும் ஏன்' என்னும் கட்டுரையில் அவர் இதனை உறவுப்பெயர்களுக்கு விரித்தார். மானிடவியலாளர் ஜார்ஜ் மர்டாக் தொகுத்த 1,072 சொற்களுள் தாயைக் குறிப்பவற்றில் 55 விழுக்காட்டில் மூக்கொலி இருந்தது. தந்தையைக் குறிப்பவற்றில் 15 விழுக்காட்டில் மட்டுமே இருந்தது. பாலருந்தும்போது வாய் அடைபட்ட நிலையில் எழும் மூக்கொலி முனகலே பின்னர் உணவு வேட்கைக்கும், உணவு தருபவளுக்கும் பெயராகிறது என்பது அவர் விளக்கம். 'மம்' என்ற டார்வின் மகனின் சொல் இங்கு மீண்டும் பொருள் பெறுகிறது. ஜார்ஜிய மொழியில் 'மாமா' தந்தையையும் 'தெதா' தாயையும் குறிப்பதை யாக்கப்சனே எடுத்துக்காட்டி, இது போக்கேயன்றி மாறா விதியன்று என்பதை உணர்த்தினார்.

யாக்கப்சனின் சான்றுகள் பிறர் எழுதிய நாட்குறிப்புகளிலிருந்து பெறப்பட்டவை. அந்நாட்குறிப்புகளின் எழுத்தாளர் தம் தாய்மொழியின் எழுத்துகளாலோ பின்னர் ஒலியெழுத்துகளாலோ குழந்தை ஒலியைக் குறித்தவர். எழுத்து என்பது ஒரு தெரிவு: பகரமா, தகரமா என்று எழுதுபவர் முடிவு செய்தாக வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்டதை எழுதக் குறியீடு இல்லை. படிநிலைகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவனவாக யாக்கப்சனுக்குத் தோன்றியதில் இவ்வெழுத்தின் பங்கு எவ்வளவு என்பதை எவரும் அப்போது அளவிடவில்லை.

கோட்பாட்டிற்கு முதல் இடர் ஒரு நாட்குறிப்பிலிருந்தே வந்தது. அமெரிக்காவில் பணியாற்றிய வெர்னர் லியோபோல்ட், செருமனும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த தம் மகள் ஹில்டகார்டின் பேச்சை 1939 முதல் 1949 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றுள் 1947இல் வந்த இரண்டாம் தொகுதி ஒலிகளுக்கென்றே அமைந்தது. பத்து மாதத்தில் அக்குழந்தை 'பிரிட்டி' (அழகான) என்ற ஆங்கிலச் சொல்லை ஏறக்குறையப் பெரியவரைப் போலவே, பெரும்பாலும் கிசுகிசுப்பாக, ஒலித்தது. மெய்க்கூட்டு முதலில் நிற்க அச்சொல் பிழையின்றி வந்தது. ஓராண்டு கழித்து அதே சொல் 'பிடி' எனத் தேய்ந்தது. பகரத்தோடு ஒட்டிய ரகரம் மறைந்தது. வல்லொலிகள் குரலொலிகளாயின. கற்றது பின்னடைந்ததா? இல்லை. முதலில் முழுச்சொல்லாக விழுங்கியதைப் பின்னர் தன் ஒலியமைப்புக்குள் கொண்டுவந்தபோது, அவ்வமைப்பு இடங்கொடுத்த அளவிற்கே அச்சொல் நின்றது. பெரியவரின் உச்சரிப்புக்கு அருகில் இருப்பதே வளர்ச்சி என்ற அளவுகோல் இவ்விடத்தில் உடைகிறது.

விதிகளும் செயல்முறைகளும்

1969இல் டேவிட் ஸ்டாம்ப் இக்காட்சியைத் திருப்பிப் போட்டார். உச்சரிப்பை எளிமையாக்கும் இயல்பான செயல்முறைகளுடனேயே குழந்தை பிறக்கிறது, மொழி கற்றல் என்பது தன் மொழிக்கு ஒவ்வாத செயல்முறைகளை அடக்கிக்கொள்வது என்றார் அவர். மெய்க்கூட்டுக் குறைதல், இறுதி மெய் விடுபடுதல், உரசொலி தடையொலியாதல், கடையண்ண ஒலி முன்னொலியாதல் என்று இச்செயல்முறைகள் பெயரிடப்பட்டன. தமிழ் மரபில் பயின்றவர்க்கு நன்னூல் கூறும் தோன்றல், திரிதல், கெடுதல் என்ற விகாரங்கள் நினைவிற்கு வருவது இயல்பு. ஒப்புமை வடிவளவில் உண்டு. ஆயினும் நன்னூலார் புணர்ச்சியில் நிகழ்வதைச் சொல்கிறார். குழந்தையின் திரிபு தனிச்சொல்லிலும் நிகழ்வது. இரண்டையும் ஒன்றென்று கூறும் கட்டுரைகளை ஐயத்துடன் அணுகுவதே தக்கது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பணியாற்றிய நீல் ஸ்மித் தம் மகன் அமாலின் பேச்சை ஏறத்தாழ இரண்டு வயது முதல் நான்கு வயது வரை குறித்து 1973இல் நூலாக்கினார். அதில் வரும் ஒரு சிறு முரண் புகழ் பெற்றது. அமால் 'பஸில்' (புதிர்) என்ற சொல்லைப் 'படில்' என்றான். 'படில்' என்றால் ஆங்கிலத்தில் தேங்கிய மழைநீர். அப்படியாயின் 'படில்' என்ற ஒலிக்கோவை அவன் வாய்க்கு எளிதே. ஆனால் மழைநீரைக் குறிக்கும் அதே சொல்லைச் சொல்ல நேர்ந்தபோது அவன் 'பகில்' என்றான். இயலாமைக் கோட்பாட்டின் மேல் இதைவிடக் கூர்மையான அடி விழுந்ததில்லை. ஓரிடத்தில் சொல்ல முடிந்த ஒலியை மற்றோரிடத்தில் மாற்றுவதற்குக் காரணம் நாவாக இருக்க முடியாது. பெரியவரின் வடிவத்தை உள்ளே சரியாகக் கொண்டு, அதன் மேல் ஒழுங்கான விதிகளைக் குழந்தை இயக்குகிறது என்று ஸ்மித் முடிவு செய்தார்.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. சார்ல்ஸ் ஃபெர்குசன், கரோல் ஃபார்வெல் ஆகியோர் 1975இல் வெளியிட்ட ஆய்வில் பதினைந்து மாதக் குழந்தையொன்று 'பென்' (பேனா) என்ற ஒரே சொல்லை அரைமணி நேரத்தில் பத்து வகையாக ஒலித்ததைக் காட்டினர். விதி இருந்திருந்தால் விளைவு ஒன்றாக இருந்திருக்க வேண்டும். யாக்கப்சன் பிதற்றலுக்கும் பேச்சுக்கும் இடையே நிறுத்திய சுவரும் ஆட்டங்கண்டது. பிதற்றலிலேயே பிற்காலத் திரிபுகளின் விருப்பங்கள் காணப்படுகின்றன என்று 1976இல் கிம்பிரோ ஒல்லரும் உடனாய்வாளரும் நிறுவினர். 1985இல் மேரிலின் விமன் குழுவினர் அதை மேலும் உறுதிப்படுத்தினர்.

இவ்விவாதம் ஆய்வேடுகளுக்குள் நின்றிருந்தால் அதன் வரலாறு இங்கு இவ்வளவு இடம்பெறத் தேவையில்லை. டேவிட் இங்கிராமின் 1976ஆம் ஆண்டு நூலுக்குப் பின் 'செயல்முறை' என்ற கருத்து பேச்சு மருத்துவத்திற்குள் நுழைந்தது. 1980இல் அமெரிக்காவில் செயல்முறைகளைக் கணக்கிட்டுக் குழந்தையின் பேச்சை மதிப்பிடும் முறைகள் நூல்களாக வெளிவந்தன. ஸ்டாம்பிற்கு இவை எல்லாக் குழந்தைக்கும் உரிய இயல்பு. மதிப்பீட்டுத் தாளில் அவை ஒரு குறிப்பிட்ட குழந்தையின் கோளாறுக்குப் பெயராயின. விளக்கச் சொல் நோய்ப்பெயராகும் இம்மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்தது.

கருவி கேட்டவை

லீ லிஸ்கர், ஆர்தர் ஆப்ராம்சன் ஆகியோர் 1964இல் வெளியிட்ட ஆய்வு குழந்தைகளைப் பற்றியதன்று. சொல்லின் முதலில் வரும் தடையொலி வெடிக்கும் கணத்திற்கும் குரல்நாண்கள் அதிரத் தொடங்கும் கணத்திற்கும் இடைப்பட்ட நேரத்தை அவர்கள் பதினொரு மொழிகளில் அளந்தனர். அவற்றுள் தமிழும் ஒன்று. 'பல்' என்பதன் பகரத்திற்கும் 'பல்பு' என்பதன் முதற்பகரத்திற்கும் உள்ள வேறுபாடு இவ்விடைநேரத்தில் தெளிவாகத் தெரிகிறது. ஒரே எழுத்தால் இரண்டையும் எழுதும் மொழியினர்க்கு, எழுத்து காட்டாததைக் கருவி காட்டும் என்பதை உணர்த்த வேறு சான்று வேண்டியதில்லை.

இந்த அளவைக் கொண்டே மார்லிஸ் மாக்கன், டேவிட் பார்ட்டன் ஆகிய இருவரும் ஆங்கிலம் பேசும் நான்கு குழந்தைகளை ஒன்றரை வயதளவிலிருந்து இருவாரத்திற்கு ஒருமுறை பதிவு செய்தனர். 1980இல் வெளியான அவர்களின் முடிவு இத்துறையின் அடித்தளத்தைத் தொட்டது. முதற்கட்டத்தில் வல்லொலிக்கும் குரலொலிக்கும் வேறுபாடில்லை. இறுதிக் கட்டத்தில் பெரியவரைப் போன்ற வேறுபாடு உண்டு. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு கட்டத்தில் குழந்தை இரண்டையும் முறையாக வேறுபடுத்தியே ஒலிக்கிறது. ஆனால் இரண்டு அளவுகளும் பெரியவரின் செவி 'குரலொலி' என்று ஒன்றாகக் கேட்கும் எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. குழந்தை வேறுபடுத்துகிறது, கேட்பவருக்குத் தெரிவதில்லை. பிற்காலத்தில் இது மறைநிலை வேறுபாடு எனப் பெயர் பெற்றது.

அடுத்த ஆண்டு கேரி வைஸ்மரும் உடனாய்வாளரும் இறுதி மெய்யை விட்டுவிடும் குழந்தைகளின் உயிரொலியை அளந்தனர். ஆங்கிலத்தில் குரல்மெய்க்கு முன் உயிர் சற்று நீளும். மெய்யை விட்டுவிட்ட குழந்தைகளுள் சிலர் அந்நீட்சியை மட்டும் விடவில்லை. மதிப்பீட்டுத் தாளில் 'இறுதி மெய் விடுபடல்' என்று பதிவான சொல்லுக்குள், விடுபட்ட மெய்யின் நிழல் நின்றுகொண்டிருந்தது.

ஃபியோனா கிப்பனின் 1999ஆம் ஆண்டு ஆய்வு மற்றொரு பெயரைக் கேள்விக்கு உள்ளாக்கியது. மின்வாய்கள் பதித்த மெல்லிய செயற்கை அண்ணத்தை வாயில் பொருத்தினால் நா எங்கெங்கே தொடுகிறது என்பது திரையில் தெரியும். நா, அண்ணம் இரண்டின் பொருத்தத்தை வைத்து எழுத்துகளை வகுத்த பிறப்பியலாரின் கூர்நோக்கை இன்றைய கருவி படமாக்கித் தருகிறது எனலாம். பேச்சுச் சிக்கலுள்ள சில குழந்தைகள் தகரத்திற்கும் ககரத்திற்கும் நாவின் முன்பகுதி பின்பகுதி என்று பிரிக்காமல் அண்ணம் முழுவதையும் ஒருசேரத் தொட்டனர். நா எங்கிருந்து முதலில் விலகுகிறதோ அதற்கேற்பக் கேட்பவர் ஒருமுறை தகரம் என்றும் மற்றொரு முறை ககரம் என்றும் எழுதினர். 'ககரம் தகரமாகத் திரிந்தது' என்ற செயல்முறைப் பெயர் இங்கே குழந்தையின் வாயில் நிகழ்ந்ததைச் சொல்லவில்லை, எழுதியவரின் செவியில் நிகழ்ந்ததைச் சொல்கிறது.

வேறுபாடே இல்லாத குழந்தைக்கும் கேளா வேறுபாடுடைய குழந்தைக்கும் வேண்டிய உதவி ஒன்றன்று. முன்னது ஒரு முரணைக் கற்க வேண்டும். பின்னது கற்றுவிட்டது, அதைப் பிறர் செவிக்கு எட்டுமளவு விரிக்க வேண்டும். இருவர் தாளிலும் ஒரே மதிப்பெண் விழுகிறது.

தமிழ்க் குழந்தையின் தாள்

தமிழ்க் குழந்தை காக்கையைத் 'தாத்தா' என்பதும், ரயிலை 'லயில்' என்பதும் வீடுதோறும் கேட்பன. இவற்றைச் செயல்முறைப் பெயர்களால் வகைப்படுத்துவதில் இடர் சிறிது. இடர் பெரிதாவது ழகரத்தில். பிறப்பியல் ரகரத்தையும் ழகரத்தையும் நுனிநா வளைந்து அண்ணத்தை வருடப் பிறப்பனவாக ஒருங்கே வைத்தது. ஆனால் இன்றைய பேச்சுத்தமிழில் ழகரம் இடத்திற்கு இடம் மாறுகிறது. சென்னையிலும் வடமாவட்டங்களிலும் 'வாயப்பயம்' என்பது பெரியவர்களின் வழக்கு. தென்மாவட்டங்கள் பலவற்றில் 'பளம்' என்பதே இயல்பு. அவ்வீடுகளில் வளரும் நான்கு வயதுக் குழந்தை படத்தைக் காட்டியதும் 'பயம்' என்றோ 'பளம்' என்றோ கூறினால், எழுத்துத் தமிழை அளவுகோலாகக் கொண்ட மதிப்பீட்டாளர் அதைத் திரிபு என்று குறிப்பார். அக்குழந்தை திரித்தது எதையுமில்லை. கேட்டதைக் கேட்டபடி ஒலித்தது. ஹில்டகார்டு 'பிரிட்டி' என்றபோது அவள் முன் ஒரே ஒரு சரியான வடிவம் இருந்தது. தமிழ்க் குழந்தைக்கு முன் வீட்டின் வடிவமும் பள்ளியின் வடிவமும் வெவ்வேறாக நிற்கின்றன.

மாக்கனும் பார்ட்டனும் ஒருமுறை எழுப்பிய வினா இங்கே வேறு உருவில் நிற்கிறது. பழத்திற்குப் 'பயம்' என்னும் வீட்டில் வளரும் குழந்தை, அச்சத்தைக் குறிக்கவும் 'பயம்' என்கிறது. இவ்விரு யகரங்களும் அக்குழந்தையின் வாயில் ஒன்றா, அல்லது பழத்தின் யகரத்தில் நா சிறிதேனும் வளைகிறதா? அவ்வீட்டின் பெரியவரிடம் இவை ஒன்றா? முன்னதற்கு விடை காண ஓர் ஒலிப்பதிவும் யகரங்களின் அதிர்வெண் அளவும் போதும். பின்னதையும் அளந்த பிறகே குழந்தையின் தாளில் எதையேனும் எழுதலாம்.